பழகும் பிள்ளைக்குத் தனி கம்ப்யூட்டர் கொடுப்போம்

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு விம்கோ நகர், எண்ணூர் பக்கத்து நடுத்தர மளிகைக் கடைகளிலும் கம்ப்யூட்டர் புகுந்துவிட்டது. இரண்டு மூன்று கவுண்டரில் பில் போடும் கடையில், அவை எல்லாவற்றுக்கும் விலையும் இருப்பும் சொல்ல நடுவில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதைத்தான் சர்வர் என்கிறார்கள். நமது பேரேடு, பற்று வரவு, கொள்முதல் விலை அத்தனையும் அதற்குள் அடக்கம். அது படுத்தால், வெளியாள் வந்து சேரும்வரை வியாபாரமும் படுத்துவிடும். எனவே வீட்டுப் பிள்ளையோ, கணக்கெழுதும் தம்பியோ இந்த வேலையைக் கற்கட்டும் என்று நாம் நினைப்பது சரியே. ஆனால் கடை சர்வரிலேயே கைவைத்துப் பழகவிடுகிறோமே, அது சரியல்ல.

நமது வட்டாரம் தொழிற்சாலை வட்டாரம். ஐ.டி.ஐ. படிக்கும் பையனுக்கு முதலில் அரத்தையும் ஒரு துண்டு இரும்பையும் கொடுத்துத் தேய்க்கச் சொல்வார்கள். ஓடும் எந்திரத்தின் அருகே விடமாட்டார்கள். நமது கல்லாவுக்கு மட்டும் அந்த ஜாக்கிரதை வேண்டாமா?

கழிவு இரும்புக்கு ஈடானது கம்ப்யூட்டரிலும் உண்டு. வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒரு நிஜக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மூன்று நான்கு பாவனைக் கம்ப்யூட்டர்களை ஓடவிடலாம். வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் இதற்கு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஓட டெபியன் லினக்ஸும் இலவசம். 8 ஜி.பி. நினைவகமுள்ள பழைய கம்ப்யூட்டர் போதும். சர்வராக ஒன்றுக்கு 2 ஜி.பி., கவுண்டராக இரண்டுக்குத் தலா 1 ஜி.பி. என்று பிரித்துக் கொடுக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். வர்ச்சுவல்பாக்ஸைப் போட்டவுடன் அது 'நாட்' என்ற முறையில் இருக்கும். பாவனைக் கம்ப்யூட்டர்கள் வெளியே போய்வரும். 'பிரிட்ஜ்டு' என்று மாற்றினாலோ கடை லைனிலேயே அவையும் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கடை லைனில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி எண் வழங்கப்படுகிறது. பையன் பழகுவதற்காக, முகவரி வழங்கும் இன்னொரு சர்வரை அங்கே ஓடவிட்டால், கவுண்டர் கம்ப்யூட்டர் தவறான முகவரியை வாங்கிக்கொண்டு நம் சர்வரைக் காணாமல் தவிக்கும். சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை மாலையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே வேண்டிய மென்பொருள்களை முதலில் இறக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் 'இன்டர்னல் நெட்வொர்க்' என்பதற்கு ஒரே பெயரில் மாற்றிவிட வேண்டும். பிறகு அவை தமக்குள் மட்டுமே பேசும். போதாதென்று நிஜக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வயரையும் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிடுவது நமது யோசனை.

2017 மே 12-ல் வான்னக்ரை என்ற வைரஸ், யாரும் எதையும் திறக்காமலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அதே லைனிலுள்ள மற்றொன்றுக்குத் தாவி, சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. மைக்ரோசாஃப்ட் அதற்கான மருந்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஓடுகிற சர்வரில் புதிதாக எதையும் போட நமக்கும் பயம்தான். பாவனை சர்வரில் முதலில் போட்டுப் பார்த்தால் அந்தப் பயம் பாதி குறையும். கெட்டுப்போனால் 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வைத்த நிலைக்கு உடனே திரும்பலாம்.

பயிற்சிக்கு நிஜ வாடிக்கையாளர் கணக்கைக் கொடுக்காதீர்கள். கற்பனைப் பெயர்களில் நூறு பில் போதும். கவுண்டர் ஆளுக்கு விற்பனை விலை மட்டும் தெரிய வேண்டும், கொள்முதல் விலை தெரியக் கூடாது என்று ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் தெரியாத முதலாளியும் வைக்கக்கூடிய தேர்வு ஒன்று உண்டு. பாவனை சர்வரை நம் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் நூறு பில்லும் திரும்பி வந்தால் பையன் தேறினான். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் நாம் கணக்கைக் காக்க வேண்டியவர்கள். இந்தத் தேர்வில் தேறாதவரிடம் அதை எப்படி ஒப்படைப்பது?

உப்புக்காற்றில் பிளக் துருப்பிடிப்பதையும், யு.பி.எஸ். பேட்டரி இறங்குவதையும் இந்தப் பாவனை கற்றுத்தராது. அதைக் கடையில்தான் பழக வேண்டும்.

சம்பளம் கொடுத்து விளையாட விடுவதா என்று சிலர் கேட்கக்கூடும். தினம் கடை அடைத்தபின் ஒரு மணி நேரம், இரண்டு மாதம், அவ்வளவே செலவு. தனி கம்ப்யூட்டர் வாங்க இயலாத சிறு கடைக்காரர்களுக்காகச் சங்க அலுவலகத்தில் ஒன்றை ஒதுக்கி, ஞாயிறு மதியங்களில் பிள்ளைகள் முறைவைத்துப் பழக இடமளிக்கலாம். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.