வேலை நெல்லையில், வழக்கு மும்பையிலா?

நான் வேலை பார்த்தது திருநெல்வேலியில். நிறுவனத்துக்காகக் கடன் தவணை வசூலிக்க வெயிலில் அலைந்தது வண்ணார்பேட்டையிலும் மேலப்பாளையத்திலும். பிள்ளை பெற்றுத் திரும்பியபோது என் நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்து, பிரசவ விடுப்பில் இருந்த மாதங்களுக்கும் சேர்த்து ‘செயல்பாடு போதாது’ என்று எழுதி, வேலைநீக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்ததும் இதே ஊர்க் கிளையில்தான். நியாயம் கேட்க மட்டும் மும்பைக்குப் போக வேண்டுமாம்!

சேர்ந்த அன்று நீட்டிய தாள்களில், தகராறு வந்தால் மும்பை நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்று ஒரு வரி. அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் வேலை கொடுத்திருப்பார்களா?

வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலும் வழக்குத் தொடரலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-வது பிரிவு. அதை நம்பித்தான் இங்கே பிராது கொடுத்தேன். ஒப்பந்தத்தைக் காட்டித் திருப்பிவிட்டார்கள். தொழிலாளர் நீதிமன்றமும் எனக்கில்லை. மேலாளர் பொறுப்பில் இருந்தவள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி இல்லையாம்.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே என்கிறார் வக்கீல். பாட்னாவிலும் டெல்லியிலும் வேலை பார்த்த தனியார் வங்கி ஊழியர்கள், ஒப்பந்தப்படி மும்பையில்தான் வழக்காட வேண்டும் என்று தீர்ப்பு. ஒரு தரப்பு பலசாலி என்பதற்காக வேலை ஒப்பந்தத்தை வேறு கண்ணால் பார்க்க முடியாதாம். ஐயா, அந்தப் பலம்தானே என்னைக் கையெழுத்துப் போட வைத்தது!

காணொளியில் வாதாடலாமே என்று ஆறுதல் சொல்கிறார்கள். மும்பை வக்கீலுக்கு யார் பணம் கொடுப்பது? சம்பளம் நின்றுபோன வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் வாங்கவே கணக்குப் பார்க்கிறோம். என் வேலையைப் பார்த்த வாடிக்கையாளர்களும், எனக்கு நடந்ததைக் கண்ணால் கண்ட சக ஊழியர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். ரயிலில் ஒன்றரை நாள் பயணம் செய்து எனக்காக யார் சாட்சி சொல்ல வருவார்கள்? நிறுவனத்துக்கு இதெல்லாம் தெரியும். நான் பாதியில் ஓய்ந்துவிடுவேன் என்று தெரிந்தேதான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டம், வேலையில் பாகுபாடு நடந்த மாநிலத்திலேயே வழக்குத் தொடர வழி வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் வசித்து வேலை பார்ப்பவரை வேறு மாநிலத்தில் வழக்காடச் சொல்லும் நிபந்தனையை, 2017 முதல் போட்ட ஒப்பந்தங்களில் அந்த ஊழியரே செல்லாததாக்கலாம். இங்கே எனக்கு அப்படியொரு வரியும் இல்லை.

சட்டம் இயற்றுகிறவர்களே, வேலை பார்த்த ஊரில் வழக்குத் தொடரும் உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்கக் கூடாது என்று எழுதுங்கள். என் ஊர் நீதிமன்றத்தில் என் வழக்கு நடக்கட்டும்.