எந்திரம் சொன்னால் தீர்ப்பாகிவிடுமா?

பட்டம் பெற்றால் மட்டும் போதாது. அது மெய்யான பட்டம் என்று மெய்ப்பிக்கவும் வேண்டும்! கப்பலூர்த் தொழிற்பேட்டையிலே வேலை கேட்டாலும், கடல் கடந்து வேலைக்குப் போனாலும், "உண்மைத்தன்மைச் சான்று எங்கே?" என்கிறார்கள். அதற்கு மனு, கட்டணம், காத்திருப்பு!

இந்த வேலை இன்று எந்திரத்திடம் போய்க்கொண்டிருக்கிறது. 2015-ல் டிஜிலாக்கர் வந்தது. கல்விச் சான்றுகளுக்கென்றே தேசியச் சேமிப்பகம் அமைக்க 2016-ல் ஒன்றிய அமைச்சரவை இசைவளித்தது. அங்கே ஏறியுள்ள சான்றை நொடிப்பொழுதிலே சரிபார்க்கலாம். போலிப் பட்டம் விற்கும் புல்லர்களின் வயிற்றிலே புளியைக் கரைக்கும் ஏற்பாடு இது, வரவேற்கிறோம். போலி நுழைந்தால் பறிபோவது, மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பாடுபட்டுப் படித்த ஏழை மகனின் இடமன்றோ!

ஆனால் கேட்கிறோம்: எந்திரம் 'இல்லை' என்றால் என்ன கதி?

1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் வேண்டாம் என்றது. தமிழன் வாலை அறுத்தான். தன் பெயரும் தந்தையின் முதலெழுத்தும் போதும் என்றான். கணினிப் படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது! மதிப்பெண் பட்டியலிலே முதலெழுத்து, ஆதாரிலே தந்தையின் முழுப்பெயர் என்றிருந்தால், 'பொருந்தவில்லை' என்கிறது. சாதியை உதறியதற்குத் தண்டனையா?

1966-ல் பிறந்தது மதுரைப் பல்கலைக்கழகம். இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பகலிலே உழைத்து, இரவிலே அஞ்சல்வழிப் பாடம் படித்துப் பட்டம் பெற்றோர் அங்கே உண்டு. அந்நாளைய பதிவு பேரேட்டிலே. அது கணினியில் ஏறாதிருந்தால், 'இல்லை' என்பதற்கும் 'இன்னும் ஏற்றவில்லை' என்பதற்கும் எந்திரத்துக்கு வேறுபாடு தெரியுமா? ஏற்றாதவர் குற்றத்துக்கு ஏழை பலியா?

எந்திரம் 'ஆம்' என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். 'இல்லை' என்றால் மூலச்சான்றை மனிதர் ஒருவர் பார்க்கட்டும். மறுப்பின் காரணத்தைத் தமிழிலே எழுதித் தரட்டும். செலவை முதலாளி ஏற்கட்டும். பழைய பேரேடுகளைப் பல்கலைக்கழகங்கள் விரைந்து கணினியில் ஏற்றட்டும்.

தோழர்களே! படிப்பகந்தோறும் மேசை போடுங்கள். பிள்ளைகளின் ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் ஒப்பிட்டு, பெயர் வேறுபட்டால் இப்போதே திருத்த உதவுங்கள்.

சிலம்பைச் சோதிக்காமல் கோவலனைக் கொன்ற ஊர் இது. உடைத்துப் பார்த்தபோது மாணிக்கம் தெறித்தது, மாண்டவன் மீளவில்லை. ஆராயாத தீர்ப்பை மன்னன் தந்தாலென்ன, எந்திரம் தந்தாலென்ன? ஏற்கமாட்டோம்!