கதைக்க முடியாதவருக்கும் தமிழ் உண்டு

சார்ல்ஸ் பிளிஸ் ஒரு இரசாயனப் பொறியியலாளர். 1897இல், இன்று உக்ரைனில் இருக்கும் செர்னிவ்ட்சியில் பிறந்த யூதர். நாஜிகளின் புக்கென்வால்ட் முகாமில் அடைபட்டு, விடுதலையாகி, பிறகு ஷாங்காய் போய்ச் சேர்ந்தார். வேறுவேறு விதமாகக் கதைக்கும் சீனர்கள் ஒரே எழுத்தை வாசிப்பது அவரை யோசிக்க வைத்தது. ஒலியே இல்லாத ஒரு எழுத்துமொழியை உருவாக்கி, 1949இல் அவுஸ்திரேலியாவில் வெளியிட்டார்.

அதில் அலைக்கோடு என்றால் தண்ணீர். கீழ்நோக்கிய அம்பு சேர்த்தால் மழை. இதயம் என்றால் உணர்வு. அதோடு மேல்நோக்கிய அம்பு வந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கிய அம்பு வந்தால் கவலை.

நாடுகளுக்கிடையே சண்டை ஓயும் என்று அவர் நம்பினார். உலகம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 1971இல் ரொறன்ரோவில் ஷெர்லி மக்நாட்டன் என்ற ஆசிரியையும் அவரது குழுவினரும், பெருமூளை வாதத்தால் பேச முடியாத பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் பலகையில் குறிகளைக் காட்டி வசனம் அமைத்தார்கள்.

நான் சொல்லவருவது இதுதான். குறியோடு அதன் பொருளும் எழுதப்பட்டிருக்கும், எதிரே இருப்பவர் வாசிப்பதற்காக. அந்தச் சொல் எந்த மொழியிலும் இருக்கலாம். பிள்ளைக்குக் குறி மாறாது.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வளரும் எங்களுக்குப் பள்ளியில் பிரெஞ்சு, கடையில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். யாரும் குழம்பிப் போகவில்லை. பேச்சு வராத பிள்ளைக்கு மட்டும் "ஒரு மொழி போதும், பாவம்" என்கிறோம். அந்த ஒன்று அநேகமாகத் தமிழாக இருப்பதில்லை. பிறகு அம்மம்மா அந்தப் பிள்ளையோடு எப்படிக் கதைப்பார்?

சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாதே என்பீர்கள். உண்மைதான். உங்களுக்குத் தெரியுமே! சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலியில் படத்தைத் தொட்டால் தமிழில் பேசும். அதுவும் இல்லையென்றால் பலகையில் தமிழ்ச் சொற்களை எழுதி ஒட்ட ஒரு மாலைப்பொழுது போதும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற தமிழே அதற்குத் தாராளம்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். "தண்ணி", "சாப்பாடு", "நித்திரை" என்பவற்றோடு நிறுத்தாதீர்கள். அவை நாங்கள் அந்தப் பிள்ளையைப் பராமரிக்கத் தேவையான சொற்கள். "ஏன்?", "பகிடி", "கோபம்", "எனக்கு விருப்பமில்லை" என்பவையும் வேண்டும். மறுத்துச் சொல்ல வழியில்லாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று புகழ்வது எங்கள் வீடுகளில் உள்ள பழைய அநியாயம். அதை முடித்துவைக்க அந்தப் பலகையில் இருந்தே தொடங்கலாம்.