டேவணி இல்லாத கேள்வி: இணைய ஏலங்கள் குறித்துச் சில எண்ணங்கள்

திருவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குச் செல்லும் வழியில், மலையை நெருங்க நெருங்க மாந்தோப்புகள் தென்படத் தொடங்கும். பூ பிடித்துப் பிஞ்சு இறங்கியதும் அத்தோப்புகளின் மகசூலை ஏலம் விடுவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, நண்பர் ஒருவரின் அழைப்பின்பேரில் அத்தகைய ஏலம் ஒன்றை நேரில் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. புளியமர நிழலில் பத்துப் பன்னிரண்டு வியாபாரிகள் கூடியிருந்தனர். ஏலம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் டேவணித் தொகையைக் கட்டினர். டேவணி கட்டாதவர் வேடிக்கை பார்க்கலாம், கேள்வி கேட்கலாகாது. ஏலத்தில் விலை கூறுவதைக் 'கேள்வி' என்பதே நம் பக்கத்து வழக்கு. ஏலம் சூடுபிடித்த வேளையில் இளைஞர் ஒருவர் பெருந்தொகை ஒன்றைக் கூறிவிட்டு, மறுகணமே, "வாய் தவறிச் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்று பின்வாங்க முனைந்தார். ஏலம் விட்ட பெரியவர் கோபிக்கவில்லை. "தாராளமா விலகிக்கிடுங்க தம்பி. டேவணிய மட்டும் மறந்துருங்க" என்றார். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பை நாம் மறந்தே போயிருந்தோம். இணையத்தில் நாமே ஓர் ஏலத்தில் இறங்கியபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

செண்பகத்தோப்பு சாம்பல்நிற அணில்களுக்குப் பெயர்பெற்றது. 1988-ஆம் ஆண்டு முதல் அவற்றுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. அருகிலுள்ள சிவகாசியிலும் ஓர் அணில் உண்டு. அது தீப்பெட்டியின் மேல் வாழ்ந்த அணில். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதையை இப்பகுதியில் அறியாதார் இலர். பின்னர் முன்னவரின் அணிலும் பின்னவரின் காக்கையும் வீட்டுக்கு வீடு அடுப்படியில் இடம்பிடித்தன. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். சிவகாசி அச்சுத்தொழில் வளர்ந்த வரலாற்றில் இந்தச் சின்னஞ்சிறு வண்ணத்தாள்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கடவுளர், தலைவர்கள், விலங்குகள், நடிகையர் என ஒரு காலத்தின் பொதுமனமே அவற்றில் பதிந்து கிடக்கிறது. இலக்கியம் பயிற்றுவிக்கும் நமக்கு இவற்றின்மேல் ஆசை எழுந்தது அதனால்தான். பழம்பாடலுக்கு உரை எழுதுவோர் அன்றைய மக்களின் புழங்குபொருள்களைத் தேடுவதில்லையா? நாளை நம் காலத்து நாவல்களுக்கு உரை எழுதுவோருக்கு இந்த லேபிள்கள் வேண்டியிருக்கும்.

ஓர் ஏலத்தளத்தில் இத்தகைய பழைய லேபிள்கள் ஒட்டிய ஆல்பம் ஒன்று விற்பனைக்கு வந்தது. இணைய ஏலத்தில் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம்மால் தரக்கூடிய உச்சத்தொகையை ஒருமுறை உள்ளிட்டால் போதும்; பிறர் கேட்கக் கேட்க, அவர்களைவிட ஒரு படி மட்டும் கூட்டி, கணினியே நமக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும். உச்சத்தொகை என்னவென்று மற்றவருக்குத் தெரியாது. நாம் 6,000 ரூபாய் என உள்ளிட்டோம். விலை 1,450 ரூபாயில் நின்றது.

ஏலம் முடிவதற்கு முந்தைய நாள் இரவு, அதுவரை தலைகாட்டாத ஒருவர் 20,000 ரூபாய் கேட்டார். உடனே விலை 6,050-க்கு ஏறி நின்றது. அதாவது, நமது உச்சம் 6,000 என்பது ஊரறிய வெளிப்பட்டுவிட்டது. அரைமணி நேரத்தில் அவர், ஒரு சுழியம் கூடுதலாக விழுந்துவிட்டதாகக் காரணம் காட்டித் தம் கேள்வியைத் திரும்பப் பெற்றார். விலை பழையபடி 1,450-க்கு இறங்கியது. மறுநாள் காலை வேறொரு புதிய பெயர் வந்து சரியாக 5,900 ரூபாய் கேட்டது. முடிவில் 5,950 ரூபாய்க்கு ஆல்பம் 'நமக்கே' விழுந்தது. நமது மடிச்சீலையைத் தடவிப் பார்த்துவிட்டு, அதில் ஐம்பது ரூபாயை மட்டும் விட்டுவைத்தனர்!

அவ்விற்பனையாளரின் பிற ஏலங்களைப் புரட்டியபோது அவ்விரு பெயர்களின் சாயலும் அடிக்கடி தென்பட்டது. சாயல் என்றுதான் சொல்ல முடியும். பெயரின் முதலெழுத்தையும் கடைசியெழுத்தையும் காட்டி நடுவே நட்சத்திரக் குறிகளையே இட்டிருந்தனர். முறையிட்டோம். போதிய சான்று இல்லையென மறுமொழி வந்தது. நாம் கேட்ட கேள்வி நம்முடையது என்பதால் பணத்தைச் செலுத்திவிட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டியதில்லை. ஏமாந்த வாத்தியாரின் புலம்பல் யாருக்கு வேண்டும்? நடந்தது அதற்கு மேலானது.

சிவகாசியில் லித்தோ அச்சகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரிடம், தம் கையால் அச்சிட்ட லேபிள்களை வரிசையாக ஒட்டிவைத்த நோட்டு ஒன்று இருந்தது. எந்த ஆலை, எந்த ஆண்டு, எத்தனை வண்ணம் என ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் குறித்திருந்தார். அதைக் கல்லூரி நூலகத்துக்கு வாங்கிவிட வேண்டுமென ஓராண்டாகப் பேசிவந்தோம். அவரும் ஏறக்குறைய இசைந்திருந்தார். இறுதியாகச் சென்றபோது ஒரு தாளை எடுத்து நீட்டினார். பேரன் கணினியில் எடுத்துத் தந்ததாம். "நீங்களே பாருங்க சார். ஒரு ஆல்பம் இந்த வெலைக்குப் போயிருக்கு. இதுல என் எழுத்து வேற இருக்கு. நான் கூடுதலாவா கேக்கேன்?"

அது நாம் வாங்கிய அதே ஆல்பம். அந்த நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் நின்றது நாமே.

"அண்ணாச்சி, அது உண்மையான வெல இல்ல" என்றோம். அவர் நம்மைப் பார்த்த பார்வையில் ஐயம் இருந்தது. விலையைக் குறைக்க வாத்தியார் பொய் சொல்கிறார் என்று எண்ணியிருப்பார். அவரைக் குறைசொல்ல இயலாது. சில மாதங்களில் அந்த நோட்டுப் பிரிக்கப்பட்டு, லேபிள்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. பென்சில் குறிப்புகள் இருந்த தாள்கள் என்னவாயின என்று கேட்க நமக்கு மனம் வரவில்லை.

நாம் சொல்ல வருவது இதுதான். ஏலத்தில் பொய்க்கேள்வி கேட்பவன் வாங்குபவனின் பணத்தை மட்டும் திருடவில்லை; பொய்ச்சாட்சி சொல்கிறான். அரிசிக்கும் பருப்புக்கும் சந்தை விலை உண்டு. பழம்பொருளுக்கு, முன்பு அது போன்ற ஒன்று என்ன விலைக்குப் போனது என்பதே சாட்சி. அந்தச் சாட்சியம் பொய்யானால், அதை நம்பி அடுத்த வீட்டில், அடுத்த ஊரில் எடுக்கப்படும் முடிவுகள் அனைத்தும் பொய்யின்மீதே நிற்கும். இணைய ஏலத்தின் முடிவு உலகறியக் கிடப்பதால் அப்பொய் நெடுந்தொலைவு செல்கிறது.

இது நம் பக்கத்துக் கதை மட்டுமன்று. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில், 25 சென்ட்டில் தொடங்கிய ஓவியம் ஒன்று ஈபே தளத்தில் 1,35,805 டாலர் வரை ஏறியது. ஓவியர் டீபென்கார்னின் படைப்பாக இருக்கலாம் என்ற எண்ணத்தை விளம்பரம் தந்திரமாக விதைத்திருந்தது. விற்பனையாளர் கென்னத் வால்டன் ஒரு வழக்கறிஞர். அவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் புகுந்து ஒருவர் பொருளுக்கு மற்றவர் விலையேற்றி வந்தது பின்னர் தெரியவந்தது. விற்பனை நீக்கப்பட்டது, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பேஸ்பால் அட்டைகள் முதலிய விளையாட்டு நினைவுப்பொருள்களின் ஏலத்தில் பெரும்புள்ளியாயிருந்த பில் மாஸ்ட்ரோ, பொய்க்கேள்விகளால் விலையேற்றியதை 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 2015-இல் 20 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

நம் நாட்டுச் சட்டம் இதை அறியாததன்று. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவில் ஏலத்துக்கென்றே விதி வகுத்துள்ளது. சுத்தியல் விழும்வரை எவரும் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். ஆனால், முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தாமே கேட்பதோ, ஆள்வைத்துக் கேட்பதோ கூடாது. மீறினால் வாங்கியவர் அதனை மோசடியாகக் கொள்ளலாம். விலையேற்றுவதற்காகப் பொய்க்கேள்வியை விற்பவர் பயன்படுத்தினால், விற்பனையைத் தள்ளிவிட வாங்கியவருக்கு உரிமை உண்டு. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஆள் யாரென்று தெரிந்தால்தானே சட்டத்தைக் காட்டுவது?

கேள்வியைத் திரும்பப் பெறுவதே குற்றமா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. விரல் தவறுவது மனித இயல்பு. சுழியம் ஒன்று கூடியவனைத் தண்டிப்பது நியாயமன்று. ஈபே போன்ற தளங்கள் இதற்கு வரையறை வைத்துள்ளன: தொகையைத் தவறாக உள்ளிட்டிருந்தால், அல்லது பொருளின் விவரிப்பு பெரிதும் மாறியிருந்தால் விலகலாம், ஏலம் முடிய 12 மணி நேரத்துக்குள் கேட்டதாயின், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் விலகவேண்டும். பிந்தைய விதிக்கு ஒரு காரணம் உண்டு. கூட்டாளிகளில் ஒருவன் குறைந்த விலை கேட்பான். மற்றவன் எட்டாத விலை கேட்டுப் பிறரை விரட்டுவான். கடைசி நிமிடத்தில் அவன் விலகிக்கொள்ள, பொருள் முதலாமவனுக்கு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். விதி இவ்வழியை ஓரளவு அடைக்கிறது. ஆனால் முந்தைய நாள் இரவில் வந்து நம் மடியைத் தடவிப் பார்ப்பவனை அது தடுக்காது.

நேரடி ஏலமெல்லாம் அறத்தின் இருப்பிடம் என்று சொல்லவும் நாம் துணியோம். தோப்பு ஏலத்திலும் வியாபாரிகள் முன்னிரவே கூடிப் பேசி, 'இந்தத் தோப்பு உனக்கு, அடுத்தது எனக்கு' என்று பங்கிட்டுக்கொள்வதுண்டு. அங்கே நட்டம் தோப்புக்காரருக்கு. ஆயினும் அங்கே இரண்டு காவல்கள் இருந்தன: கேட்பவருக்கு முகம் இருந்தது, அவர் சொல்லுக்கு டேவணி இருந்தது. இணையம் இரண்டையும் நீக்கிவிட்டு, கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டது.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் கேட்பவரிடம் சிறு டேவணி பெறலாம். விலகினால் அதில் ஒரு பகுதியைப் பிடிக்கலாம். உண்மையாகவே விரல் தவறியவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மன்னிப்பு அளிக்கலாம். ஒருவர் விலகினால், அவரால் வெளிப்பட்ட பிறரது உச்சத்தொகைகளை நீக்கி, மீண்டும் உள்ளிட வாய்ப்பளிக்கவேண்டும். எந்த விற்பனையாளரின் ஏலங்களில் விலகல்கள் மிகுதி என்பதையும் எல்லாரும் காணும்படி வைக்கவேண்டும். முகத்தை மறைப்பது வாங்குவோரின் பாதுகாப்புக்கு என்கின்றனர், இருக்கட்டும். பழக்கத்தை மறைக்கவேண்டியதில்லையே!

நம் தரப்பிலும் கடமை உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், அவர் மறைவுக்குப் பின் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையிலேயே ஆய்வு நூலகமாயின. அவை ஒவ்வொன்றாக ஏலத்துக்குப் போயிருந்தால் தமிழ் அச்சுப்பண்பாட்டின் வரலாற்றை எழுதுவோர் இன்று என்ன செய்வர்? தொகுப்பின் மதிப்பு அது தொகுப்பாக இருப்பதில்தான் இருக்கிறது. வீட்டுப் பரணில் பழம்பொருள் வைத்திருப்போரிடம் இதை நாம் விலைப்பட்டியல் பேசத் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். நாம் ஓராண்டு பேசியும் இதைச் சொல்லத் தவறினோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

5,950 ரூபாய் ஆல்பம் இப்போது நூலகத்தில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில், வாங்கிய விலைக்கு அருகே, 'இவ்விலை பொய்க்கேள்வியால் ஏற்றப்பட்டதாக ஐயம். பிறவற்றுக்கு அளவுகோலாகக் கொள்ளற்க' என்று எழுதி வைத்துள்ளோம். பென்சிலால்தான்.