மாணவர் பத்திரிகையும் நீக்கும் அதிகாரமும்

பாடசாலை மாணவர் வெளியீடு என்றதும் எம்மில் பலருக்கு நினைவில் வருவது, ஆண்டுக்கொருமுறை வெளிவரும் சஞ்சிகையும் அதன் முதற் பக்கங்களை நிறைக்கும் ஆசிச் செய்திகளுமே. ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகள் பலவற்றில் நிலைமை வேறு. அங்கே மாணவர் பத்திரிகை என்பது செய்தி சேகரிக்கும், விமர்சிக்கும், அதிபரையே கேள்வி கேட்கும். பல பாடசாலைகளில் அது ஒரு பாடமாகவே நடைபெறுகின்றது. ஆலோசக ஆசிரியர் ஒருவரும் உண்டு. அச்சுப் பிரதியைக் கையில் எடுக்காத மாணவனும் அதே செய்தியை இன்ஸ்ரகிராமிற் பார்த்துவிடுகின்றான். ஆகவே, அந்தச் சமூக ஊடகக் கணக்கை நடத்தும் பதினாறு வயதுப் பிள்ளைதான் நடைமுறையில் அப்பத்திரிகையின் முகம்.

நியூ ஜேர்சியில் வாழும் என் நண்பரொருவரின் மகள் அவ்வாறான கணக்கொன்றுக்குப் பொறுப்பாக இருக்கின்றாள். பாடவேளைகளில் மாணவர் கழிவறைகள் பூட்டிவைக்கப்படுவது பற்றிய செய்தியொன்றைச் சில மாதங்களுக்கு முன்னர் அவள் பதிவிட்டாள். அன்றிரவே அதனை நீக்கிவிடும்படி நிர்வாகத்திடமிருந்து சொல் வந்தது. செய்தியிற் பிழை எதுவும் சுட்டிக்காட்டப்படவில்லை. பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்பதே காரணம். “மாமா, நீக்கினால் ஒருத்தருக்கும் தெரியாது. நீக்காவிட்டால் அப்பா ஏசுவார். என்ன செய்யிறது?” என்று என்னிடம் கேட்டாள். பல்கலைக்கழக அனுமதிக்கான பரிந்துரைக் கடிதத்தை அதே பாடசாலைதான் எழுதவேண்டும் என்பது தந்தையின் கவலை. அதனை நியாயமற்ற கவலை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால், 'ஒருத்தருக்கும் தெரியாது' என்ற அந்த வார்த்தையிலேதான் விடயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

1983 மே மாதத்தில் மிசூரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பாடசாலையில், 'ஸ்பெக்ட்ரம்' என்ற மாணவர் பத்திரிகையின் இரண்டு பக்கங்களை அதிபர் நிறுத்தினார். மாணவியரின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் விவாகரத்துப் பற்றியும் எழுதப்பட்ட கட்டுரைகளே அவரை உறுத்தின. ஆறு பக்கங்களாக வரவேண்டிய பத்திரிகை நான்கு பக்கங்களுடன் வந்தது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1988இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 3 என்ற பெரும்பான்மையில் பாடசாலையின் பக்கம் தீர்ப்பளித்தது. பாடசாலையின் ஆதரவில் வெளிவரும் பத்திரிகையை, நியாயமான கல்விசார் காரணம் இருப்பின், நிர்வாகம் கட்டுப்படுத்தலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மாணவர்கள் தோற்றார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சிலே, இல்லாத பக்கங்களை எண்ணிப் பார்க்க முடிந்தது. அதனாலேயே வழக்கு எழுந்தது, விவாதம் எழுந்தது. கைத்தொலைபேசியில் ஒரு பதிவை நீக்கினால் எண்ணிப் பார்க்க எதுவுமே எஞ்சுவதில்லை. முந்திய பதிவும் பிந்திய பதிவும் ஒட்டிக்கொள்கின்றன. முன்னர் தணிக்கைக்கு ஓர் அதிபர் வெளிப்படையாகக் கையொப்பமிட வேண்டியிருந்தது. இன்று இரவு பத்து மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அதைவிடக் கொடுமை, நீக்கும் விரல் அந்தப் பிள்ளையின் சொந்த விரல் என்பதுதான்.

சட்டம் துணைக்கு வராதா என்று கேட்கலாம். வரும். கலிபோர்னியாவில் 1977 முதலும், நியூ ஜேர்சியில் 2021இல் கையொப்பமான சட்டத்தின் மூலமும் மாணவ ஊடகவியலாளருக்குப் பாதுகாப்பு உண்டு. அவதூறு, அந்தரங்க மீறல் போன்ற எல்லைகளுக்கு உட்பட்டு, எதனை வெளியிடுவது என்பதை மாணவர்களே தீர்மானிக்கலாம். பாடசாலைக்கு வெளியே, வார இறுதியில், தன் சொந்த ஸ்னப்சற் கணக்கில் வசைச் சொற்களை இட்ட பென்சில்வேனியா மாணவி ஒருவருக்குக்கூட, 2021இல் உயர் நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் பாதுகாப்பு அளித்தது. இதில் ஒரு முரண் உண்டு. இத்தகைய மாநிலச் சட்டம் இல்லாத இடத்தில், கோபத்தில் வசை எழுதிய பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, ஆதாரம் தேடிச் செய்தி எழுதிய பிள்ளைக்குக் கிடைக்காமற் போகலாம். சட்டம் உள்ள இடத்திலோ, கேட்கப்படாத உரிமை காகிதத்திலேயே கிடக்கும்.

நான் அந்தப் பிள்ளைக்கு மூன்று விடயங்களைச் சொன்னேன். நீக்கச் சொல்பவரிடம் காரணத்தை எழுத்திற் கேள். தனியே முடிவெடுக்காதே, ஆலோசக ஆசிரியரையும் ஆசிரியர் குழுவையும் கூட்டு. செய்தி பிழையென்றால் திருத்து, திருத்தியதை அதே இடத்தில் எழுது, சரியென்றால் விட்டுவிடு. அவள் எழுத்திற் கேட்டாள். இன்றுவரை பதில் வரவில்லை. பதிவு இருக்கின்றது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஹேசல்வுட் அதிபர் முன்வைத்த காரணங்கள் எல்லாம் வெறும் சாக்குப்போக்குகள் அல்ல. பெயர் மாற்றப்பட்டிருந்தும் கர்ப்பிணி மாணவியரை மற்றவர்கள் அடையாளம் கண்டுவிடக்கூடும் என்றார். விவாகரத்துக் கட்டுரையிற் குறைகூறப்பட்ட தந்தைக்குப் பதிலளிக்க வாய்ப்பளிக்கப்படவில்லை என்றார். எந்த ஆசிரிய பீடத்திலும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இவை. சமூக ஊடகத்தில் இவற்றின் கனம் இன்னும் கூடுகின்றது. மைதானத்தில் விழுந்து அழும் மாணவனின் படம் பல நூறு தொலைபேசிகளிற் பிரதி எடுக்கப்பட்ட பின்னர், அதனை நீக்குவதிற் பயனில்லை. ஆகவே நிதானம் பதிவிடுவதற்கு முன்னர் வேண்டும். நாளிதழொன்றில் ஒரு செய்தி நிருபரிடமிருந்து உதவி ஆசிரியருக்கும், ஒப்புநோக்குநருக்கும், செய்தி ஆசிரியருக்கும் சென்றே அச்சேறுவதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். பதினாறு வயதுப் பிள்ளையிடம் அந்த நான்கு பேரின் வேலையையும் ஒரே நிமிடத்திற் செய் என்பது அநீதி. இரண்டாவது கண் படாத எதுவும் அக்கணக்கிற் போகக்கூடாது.

நிதானத்தின் பலத்துக்கு உதாரணம் வேண்டுமாயின் கன்சாஸ் மாநிலத்தின் பிற்ஸ்பேர்க் நகரைப் பார்க்கலாம். 2017இல் அங்குள்ள உயர்நிலைப் பாடசாலையின் 'பூஸ்டர் ரிடக்ஸ்' பத்திரிகை மாணவர்கள், புதிதாக நியமிக்கப்பட்ட அதிபரின் பட்டங்களை ஆராய்ந்தார்கள். அவர் பட்டம் பெற்றதாகக் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் கேள்விக்குரியது என்பதை எழுதினார்கள். சில நாட்களில் அவர் பதவி விலகினார். முதலிற் சந்தேகத்தைப் பதிவிட்டு விருப்புக்குறிகளை அள்ளியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தேடி, விசாரித்து, சரிபார்த்த பின்னரே வெளியிட்டார்கள். மாணவர் பத்திரிகைகளுக்கான சட்டப் பாதுகாப்பு 1992 முதல் கன்சாஸில் இருந்து வந்ததும் அவர்களுக்குத் துணையாயிற்று.

புலம்பெயர்ந்து வாழும் எமது பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகின்றேன். உங்கள் பிள்ளை இப்பணியை ஏற்றால், 'வம்பில் மாட்டாதே' என்று மாத்திரம் சொல்லி அனுப்பாதீர்கள். 'உறுதிப்படுத்தினாயா, மற்றவரிடம் கேட்டாயா, பெயர் வரவேண்டியதுதானா' என்று கேளுங்கள். உண்மையை எழுதியவர்கள் தண்டிக்கப்பட்ட நாட்டிலிருந்து சென்றவர்கள் நாம். பயம் எமக்குப் பழக்கப்பட்டது. அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்கத் தேவையில்லை.