வெளிநாட்டில் ஒரு பூனைக்குட்டி... கொஞ்சுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்!

மகளின் பிரசவத்துக்கு சிங்கப்பூர், பேரனைப் பார்க்க அமெரிக்கா, குடும்பத்தோடு பாலித் தீவுக்கு நாலு நாள் டூர்... எங்கள் நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கத்தில் இருந்துகூட இன்று ஆட்கள் போய் வருகிறார்கள். பாஸ்போர்ட், விசா, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறார்கள். போன இடத்தில் ஒரு பூனைக்குட்டி காலைச் சுற்றி வருமே, அதைப் பற்றி மட்டும் யாரும் நினைப்பதில்லை.

சிரிக்காதீர்கள்! பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத அடுக்குமாடி வீட்டின் கீழே 'மியாவ்' என்று வந்து நிற்கிற குட்டிதான் பல பெரியவர்களுக்கு முதல் சிநேகிதம். அதற்கு பாஷை தேவையில்லை. அந்தச் சிநேகிதம் மனசுக்கு நல்லது. வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கை வைக்கிற விஷயத்தில்தான் எச்சரிக்கை வேண்டும் என்கிறேன்.

2018-ல் மொராக்கோ நாட்டில் பிரிட்டன்காரர் ஒருவரைப் பூனை கடித்தது. ரேபீஸ் என்கிற வெறிநோய் வந்து இறந்தே போனார். 2019-ல் பிலிப்பைன்ஸுக்குச் சுற்றுலா போன நார்வே நாட்டு இளம்பெண் ஒருவர், தெருவில் கிடந்த நாய்க்குட்டியைப் பாவம் பார்த்துத் தூக்கிவந்து குளிப்பாட்டி விளையாடினார். அது லேசாகக் கடித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பிய பிறகு அவரும் அதே நோயில் போய்விட்டார்.

"வெறி நாய்க்குத்தானே வரும், பூனைக்கு ஏது?" என்று கேட்கிறீர்களா? வெறிநாய் கடித்த பூனைக்கும் வரும். குட்டிக்கும் வரும். பூனை ஓயாமல் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். அதனால் அதன் நகக்கீறலையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

எல்லா நாடும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு வெறிநோய் இல்லை. ஆனால் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் 2017-ல் புகுந்துவிட்டது. பாலியில் 2008 முதல் இருக்கிறது. இலங்கையிலும் தாய்லாந்திலும் உண்டு. போகிற நாட்டில் நிலைமை என்ன என்று டிக்கெட் போடும்போதே விசாரியுங்கள்.

நம் ஊரில் வீட்டுப் பூனை பிறாண்டினால் ஊசியை ஆரம்பித்துவிட்டு, பத்து நாள் அந்தப் பூனையைக் கவனித்துப் பார்க்கலாம். வெளிநாட்டில் அந்தக் குட்டி எங்கே, நீங்கள் எங்கே? அடுத்த நாளே வேறு ஊருக்கு பஸ் ஏறிவிடுவீர்கள். ஆகவே அங்கே 'பார்க்கலாம்' என்ற பேச்சே கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்களுடையது மஞ்சள் ஏலம் நடக்கிற ஊர். எந்தக் காயம் பட்டாலும் முதலில் கை போவது மஞ்சள்தூளுக்குத்தான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த சித்த வைத்தியன் நான். மஞ்சளின் அருமை தெரிந்தவன்தான். ஆனாலும் சொல்கிறேன்: பூனை கடித்த இடத்தில் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். வெறிநோய்க் கிருமியை இவை தடுக்காது. பச்சிலையும் பத்தியமும்கூட ஊசிக்கு ஈடாகாது. நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. இதில் வைத்திய முறைகளுக்குள் போட்டி வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். அன்றே அங்குள்ள மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடவேண்டியிருக்கும். மீதி ஊசிகளை ஊர் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம். அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். அங்கே போடாமல் வந்துவிட்டீர்களா? "நாளாகிவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். நோய் வெளிப்பட மாதக்கணக்கு ஆகலாம். வந்திறங்கியதும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், இலவசமாகவே போடுகிறார்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தக் கால ஊசியெல்லாம் இப்போது கிடையாது. கையில்தான் போடுவார்கள். பயமே வேண்டாம்.

மகளின் பிரசவத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். அது வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். இதற்காகப் பூனையை விரட்ட வேண்டாம். மலத்தை தினமும் வேறு யாராவது அள்ளட்டும், கர்ப்பிணி கை வைக்க வேண்டாம். குட்டியோடு இருந்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குட்டிகளிடமிருந்து படர்தாமரைகூட ஒட்டும்.

அப்படியானால் சிநேகிதம் எப்படி? ஒரு தட்டில் தண்ணீர், உப்பு காரம் இல்லாத வெந்த மீன் கொஞ்சம் வையுங்கள். பசும்பால் வேண்டாம், பல குட்டிகளுக்கு வயிறு போகும். இரண்டடி தள்ளி உட்கார்ந்து வாயாரப் பேசுங்கள். தின்றதும் தட்டை எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் சாப்பாட்டைச் சிதறவிட்டால் அபராதம்! பேரன் பேத்தி கூட இருந்தால், "கீறினா உடனே தாத்தாகிட்ட சொல்லணும், திட்ட மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். திட்டுக்குப் பயந்து குழந்தை மறைக்கிற கீறல்தான் ரொம்ப ஆபத்து.