உடைந்தது பீக்கர், உடைய வேண்டியது பயம்!



முதலாமாண்டு வேதியியல் லேப். பர்னரில் கொதித்துக் கொண்டிருந்த பீக்கரை இடுக்கியால் தூக்கி, ஈரமாயிருந்த கல் மேடையில் வைத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அடிப்பாகம் தனியே வந்துவிட்டது. பிரேக்கேஜ் நோட்டில் என் பெயர் ஏறியது. அதற்குக் கட்டிய பணம் என் அப்பாவின் ஒரு நாள் கூலியில் பாதி.

அதன் பிறகு என்ன நடந்தது தெரியுமா? அந்த வருடம் முழுக்க நான் கண்ணாடிச் சாமானைத் தொடவே பயந்தேன். பக்கத்து நண்பன் செய்வான். நான் ரீடிங்கை எழுதிக் கொள்வேன். ரெக்கார்டில் எனக்கும் கையெழுத்து விழுந்தது. ஆனால் நான் படித்தேனா? வேடிக்கைதான் பார்த்தேன்!

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வில்லாபுரத்தில் ஒரு டீக்கடையில் மாஸ்டர். பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“சூடான சாமானைப் பச்சத் தண்ணியில வச்சா தெறிக்காம என்னடா செய்யும்? நாங்க கிளாஸ வெந்நியில அலசிட்டுத்தான டீய ஊத்துறோம். குளுந்து கெடக்குற கிளாஸ்ல சுடச்சுட ஊத்திப் பாரு, தெரியும்!” என்றார்.

அப்பா சொன்னதைத்தான் நம் புத்தகம் வெப்ப விரிவு என்கிறது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். சூடு பட்ட பக்கம் விரியும், மறுபக்கம் விரியாது. இந்த இழுபறியில் விரிசல் விழுகிறது. கண்ணாடி தடியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஆட்டோ ஷாட். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ணாடிக் கலவையில் போரிக் ஆக்சைடைச் சேர்த்தார். நாம் கேரம் போர்டில் தூவுகிறோமே போரிக் பவுடர், அதன் உறவுக்காரன்தான் இது! இன்றைய போரோசிலிகேட் கண்ணாடியில் சுமார் 80 சதவீதம் சிலிகா, 13 சதவீதம் போரிக் ஆக்சைடு. ஒரு மீட்டர் நீளக் கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் சாதாரணக் கண்ணாடி சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். போரோசிலிகேட்டோ 0.33 மில்லிமீட்டர்தான். நல்ல பீக்கர் பலவற்றில் ‘3.3’ என்று போட்டிருப்பதன் அர்த்தம் இதுவே.

இது லேப் சமாச்சாரம் மட்டுமல்ல. அமெரிக்காவில் கார்னிங் கம்பெனி விஞ்ஞானி லிட்டில்டன், 1913-ல் பேட்டரி ஜாடி ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி வீட்டுக்குக் கொண்டு போனார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுக் காட்டினார். 1915-ல் பைரக்ஸ் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. அதே கம்பெனியின் கூட்டில் 1962-ல் நம் நாட்டில் தொடங்கியதுதான் போரோசில். இன்று மைக்ரோவேவில் வைக்கும் பாத்திரம், மொட்டை மாடி சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய், ஊசி மருந்துக் குப்பி எல்லாம் இந்த இனமே. காவலூரில் 1986-ல் திறந்து வைக்கப்பட்ட வைனு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியோ இதற்கும் ஒரு படி மேல். ஏறக்குறைய விரியவே விரியாத ஜெரோடூர் என்ற பொருளால் ஆனது.

ஆனால் ‘சூடு தாங்கும்’ என்றால் ‘உடையவே உடையாது’ என்று அர்த்தமல்ல. கீறல் விழுந்ததைச் சூடாக்கக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கியதை ஈரத்தில் வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் பாத்திரத்தை கேஸ் தீயில் ஏற்றக் கூடாது. இந்த மூன்று வரியை முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் என் பீக்கர் பிழைத்திருக்கும்!

“பிரேக்கேஜ் வாங்காவிட்டால் பசங்க அலட்சியமாக இருப்பார்கள்” என்று சிலர் சொல்வார்கள். விளையாட்டாக உடைப்பவனிடம் தாராளமாக வாங்கட்டும். ஆனால் தெரியாமல் உடைத்தவனுக்குத் தேவை அபராதமா, பாடமா? பணம் உள்ளவன் கட்டிவிட்டு மறுபடி செய்து பார்ப்பான். இல்லாதவன் கையைக் கட்டிக் கொண்டு நிற்பான். அப்புறம் அவன் எப்படி டெக்னீஷியன் ஆவது?

எனவே நம் மாணவர் பேரவை மூன்று கோரிக்கைகளை வைக்க வேண்டும். முதல் லேப் வகுப்பு கண்ணாடியைக் கையாளும் வகுப்பாக இருக்கட்டும். சூடாக்கும் வேலைக்குப் போரோசிலிகேட் பீக்கர் மட்டுமே தரப்படட்டும். முதல் செமஸ்டரில் தவறிப் போய் உடைவதற்குத் தனி ஆளிடம் பணம் வாங்காமல், காரணத்தை அவன் கையாலேயே நோட்டில் எழுத வைக்கட்டும்.

ஜூனியர் தம்பிகளே, தங்கைகளே! நான் கற்ற பாடம் நீங்கள் காசு கொடுத்துக் கற்க வேண்டாம். பீக்கரைப் பயமில்லாமல் கையில் எடுங்கள். கீழே காய்ந்த துணி ஒன்றைப் போட்டு வையுங்கள்!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், வில்லாபுரம்